இருவர், இரண்டு முதுகுப்பை, 11 இரவு: லியோனிலிருந்து துலூஸ் வரை குறைந்த செலவில்

கேள்வி இது: கணவன் மனைவி இருவர். பிரான்ஸ்தான், ஆனால் பாரிஸ் வேண்டாம். பிரெஞ்சு பேசும் பழைய நகரங்களை முதுகுப்பையோடு, ரயிலில், கையைக் கடிக்காமல் பார்க்க வேண்டும். எந்த வழி, எவ்வளவு ஆகும், எங்கே ஏமாறுவோம்?

முதலில் கணக்கு. குறைந்த செலவுப் பயணம் என்று எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை தனியாகப் போகிறவருக்கானவை. அதில் இருக்கும் ஆலோசனையை இரண்டால் பெருக்கினால் தம்பதிக்குச் சரியாக வராது. ஹாஸ்டல் டார்மில் தலைக்கு ஒரு கட்டில், சீசனில் 30 முதல் 40 யூரோ. இருவருக்கு 60 முதல் 80. அதே பணத்துக்கு பி அண்ட் பி ஓட்டல்ஸ், ஐபிஸ் பட்ஜெட் மாதிரி இடங்களில் குளியலறையோடு தனி அறை கிடைக்கும், ஏனென்றால் அங்கே விலை அறைக்கு, ஆளுக்கு அல்ல. தனி ஆளுக்கு ஹாஸ்டல் லாபம். உங்களுக்கு லாபமில்லை, தூக்கமும் கெடும். மாறாக ரயில், நுழைவுச் சீட்டு, விமான நிலையப் பேருந்து எல்லாம் ஆளுக்கு ஆள். அங்கே உங்களுக்கு எந்தச் சலுகையும் தானாக வராது. ஆகவே தம்பதி மிச்சம் பிடிக்க வேண்டியது அறையில் அல்ல, நகர்வில். படுக்கும் ஊர்களைக் குறைத்து, பக்கத்து ஊர்களைப் பகலில் போய்விட்டு வருவதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படை.

வழி: லியோன், அவிஞோன், நீம், கார்கசோன், துலூஸ். ரோன் ஆற்றோடு தெற்கே இறங்கி, மத்தியதரைக் கடலோரச் சமவெளியில் மேற்கே திரும்பும் ஒரே ரயில் பாதை. எங்கும் பின்னால் வர வேண்டியதில்லை. 2,000 ஆண்டு வரலாறு வரிசையாக நிற்கிறது: கி.மு. 43-ல் ரோமர் நிறுவிய லுக்டுனம்தான் லியோன், அவிஞோன் 14-ம் நூற்றாண்டில் போப்பாண்டவர்களின் ஊர், நீம் ரோமானியக் கல் வேலையின் ஊர், கார்கசோன் கோட்டை, துலூஸ் செங்கல் நகரம். ஆர்ல், ஒரான்ழ் இரண்டையும் அவிஞோனிலிருந்து பகலில் பார்க்கலாம்.

விமானச் சீட்டை லியோனில் இறங்கி துலூஸில் ஏறுவதாக ஒரே புக்கிங்கில் எடுங்கள். லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக இது அமையும். லியோனுக்கே திரும்பி வரும் ரிட்டர்ன் சீட்டு கொஞ்சம் மலிவாகத் தெரியலாம். துலூஸிலிருந்து லியோனுக்கு இருவர் திரும்பும் ரயில் செலவையும் ஒரு நாள் வீணாவதையும் சேர்த்துப் பாருங்கள், மலிவு காணாமல் போகும்.

கிழமைக் கணக்கு இந்த ஊர்களில் பணத்தை விட முக்கியம். செவ்வாய் லியோனில் இறங்கி மூன்று இரவு. வெள்ளி அவிஞோன், மூன்று இரவு. திங்கள் நீம், இரண்டு இரவு. புதன் கார்கசோன், ஒரு இரவு. வியாழன், வெள்ளி துலூஸ். சனி விமானம். இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை ஆர்லில் லீஸ் பூல்வாரில் பெரிய சந்தை. அவிஞோனின் மூடு சந்தை லே ஆல் திங்களன்று கிடையாது. லியோன் நுண்கலை அருங்காட்சியகம் செவ்வாயில் திறக்காது, அது நீங்கள் வந்து இறங்கும் நாள். ஞாயிறு மதியத்துக்கு மேல் சிறிய ஊர்களில் பல மளிகைக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும், அன்று காலையிலேயே இரவுச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்துவிட வேண்டும். மாதங்களில் ஏப்ரல் பிற்பாதி, மே, செப்டம்பர், அக்டோபர் முற்பாதி நல்லவை. ஜூலையில் அவிஞோன் வேண்டாம்: 1947-ல் ழான் விலார் தொடங்கிய நாடக விழா நடக்கும் மாதம் அது, ஊரில் அறை கிடைப்பதே கஷ்டம். நீமில் பெந்தகொஸ்து வாரமும் செப்டம்பர் நடுவும் ஃபெரியா திருவிழா. அப்போதும் இதே கதை. மே மாதத்தில் 1, 8, அதோடு விண்ணேற்ற வியாழன் அரசு விடுமுறை; மே 1 அன்று பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்.

இப்போது ரயில். இங்கேதான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். டிஜிவி அதிவேக ரயிலின் விலை விமானம் மாதிரி ஏறும். கடைசி நேரத்தில் இரட்டிப்பாகும். டிஇஆர் என்னும் வட்டார ரயிலுக்குப் பெரும்பாலும் நிலையான கட்டணம், முன்பதிவு தேவையில்லை. லியோன் பார்-தியூவிலிருந்து அவிஞோனுக்கு டிஜிவி ஒரு மணி நேரம் பத்து நிமிடம். டிஇஆர் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல், தலைக்கு ஏறத்தாழ 35 யூரோ. ஆனால் டிஜிவி உங்களை ஊருக்கு வெளியே அவிஞோன் டிஜிவி நிலையத்தில் இறக்கும். அங்கிருந்து ஐந்து நிமிட இணைப்பு ரயிலுக்குத் தனிச் சீட்டு, காத்திருப்பு. டிஇஆர் நேராகக் கோட்டைச் சுவரின் வாசலில் இருக்கும் அவிஞோன் சாந்த்ர் நிலையத்தில் நிற்கும். மாதங்களுக்கு முன்பே 20 யூரோ சொச்சத்தில் டிஜிவி கிடைத்தால் எடுங்கள், இல்லையென்றால் யோசிக்காமல் டிஇஆர்.

இதை விட மோசமான பொறி நீமில் இருக்கிறது. 2019 டிசம்பரில் திறந்த புதிய டிஜிவி நிலையத்துக்கு 'நீம் போன் தியூ கார்' என்று பெயர். பெயரைப் பார்த்து, புகழ்பெற்ற ரோமானியக் கால்வாய்ப் பாலத்தின் பக்கத்தில் இறங்கப் போகிறோம் என்று சீட்டு வாங்கி விடுகிறார்கள். அந்த நிலையம் மான்துயேல் என்ற ஊர்ப் பக்கம், நீமிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி; பாலம் அங்கே இல்லவே இல்லை. உங்களுக்கு வேண்டியது நீம் சாந்த்ர். சீட்டு வாங்கும்போது ஒவ்வொரு முறையும் நிலையப் பெயரில் 'சாந்த்ர்' இருக்கிறதா என்று பாருங்கள். லியோனிலும் பார்-தியூ, பெராஷ், விமான நிலையத்தையொட்டிய சேன்-எக்சுபெரி என்று மூன்று. அறை எந்த நிலையத்துக்கு அருகில் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

மீதி ரயில்கள் எளிது. அவிஞோனிலிருந்து ஆர்ல் 20 நிமிடம், ஒரான்ழும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நீம் அரை மணியிலிருந்து முக்கால் மணி. நீமிலிருந்து கார்கசோன் சுமார் இரண்டு மணி நேரம். இந்தத் தடத்தில் ஆந்தர்சித்தே என்னும் நெடுந்தூர ரயிலும் ஓடுகிறது, அதற்கு மட்டும் முன்பதிவு செய்தால் விலை குறையும். கார்கசோனிலிருந்து துலூஸ் ஒரு மணி நேரத்துக்குள். எல்லாம் சேர்த்துத் தலைக்கு 120 யூரோ அளவில் முடியும். 49 யூரோ கொடுத்து அவாந்தாழ் சலுகை அட்டை வாங்கலாமா என்று கேட்பார்கள். அதன் பலன் முக்கியமாக டிஜிவி, ஆந்தர்சித்தே ரயில்களில். வயதுவந்தோர் அட்டைக்கு வார இறுதி நிபந்தனையும் உண்டு. இந்த வழிக்கு அது வீண்.

சீட்டை பிரெஞ்சு ரயில்வேயின் எஸ்என்சிஎஃப் கனெக்ட் ஆப்பில் வாங்கலாம். நம் ஊர் கார்டு அங்கே நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வங்கி ஆப்பில் 'சர்வதேச ஆன்லைன் பரிவர்த்தனை' அணைக்கப்பட்டிருக்கும். கிளம்பும் முன் அதையும், நேரடி கார்டு பயன்பாட்டையும், டேப் செய்து கட்டும் வசதியையும் இயக்கி, வரம்பு வைத்துவிடுங்கள். ஓடிபி வரும் இந்திய சிம் ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறும் நிலையில் இருக்க வேண்டும். நிலைய இயந்திரத்தில் அட்டைச் சீட்டு வாங்கி, அதில் முத்திரை குத்தச் சொல்லியிருந்தால், ஏறும் முன் மஞ்சள் இயந்திரத்தில் குத்துங்கள்; அப்படிச் சொல்லியும் குத்தாத சீட்டுக்கு அபராதம் உண்டு. போனில் இருக்கும் சீட்டுக்கு இது தேவையில்லை, ஆனால் அது குறிப்பிட்ட நாளுக்கு மட்டுமே செல்லும். கடையிலோ இயந்திரத்திலோ 'ரூபாயில் கட்டவா, யூரோவில் கட்டவா' என்று திரை கேட்டால் எப்போதும் யூரோ.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளுக்கு 35 லிட்டர் முதல் 40 லிட்டர், 8 கிலோவுக்குள். விமானத்தில் கைப்பையாகப் போய்விடும் என்பது ஒரு லாபம். பெரிய லாபம் வேறு: பாதுகாப்புக் காரணங்களால் பிரான்சில் பெரிய ரயில் நிலையங்கள் சிலவற்றில்தான் பெட்டக வசதி உண்டு. ஆர்ல் மாதிரி ஊரில் பையோடு இறங்கினால் தோளில் சுமந்தபடியே அரங்கத்தின் படியேற வேண்டிவரும், அருங்காட்சியகம் பெரிய பையை உள்ளே விடவும் விடாது. ஆர்லைப் பகல் பயணமாக வைத்ததற்கு இதுவும் காரணம். அறையைக் காலி செய்த பிறகும் ஓட்டல் வரவேற்பறையில் பையை வைத்துக்கொள்வார்கள், கேட்டால் போதும். இருவருக்குச் சேர்த்து ஒரே சார்ஜர், ஒரே மருந்துப் பை, ஒரே சோப்பு. ஐந்து நாள் உடை போதும். நடுவில் நீமில் நாணயம் போட்டுத் துவைக்கும் லாவரியில் ஒரு முறை, துவைத்து உலர்த்த ஏழெட்டு யூரோ.

அறை தேடும்போது நிலையத்திலிருந்து 15 நிமிட நடை என்பதை எல்லையாக வையுங்கள். 50 யூரோவுக்குக் கிடைக்கிறதே என்று ஓட்டல் எஃப்1 மாதிரி நெடுஞ்சாலையோர விடுதியை எடுத்தால், கடைசிப் பேருந்து போன பிறகு டாக்சிக்கு அந்த மிச்சம் முழுவதும் போகும். லியோனில் பழைய ஊருக்குள் அறை விலை அதிகம். ழான் மாசே, சாக்ஸ்-காம்பெத்தா, பார்-தியூ பக்கம் மெட்ரோவில் இரண்டு மூன்று நிறுத்தம்தான். மூன்று இரவு தங்கும் ஊர்களில் சிறு சமையலறை உள்ள அப்பார்ட்-ஓட்டல் பாருங்கள். விலையில் சேராத தங்கும் வரி ஒன்று ஆளுக்கு, இரவுக்கு என்று வாங்குவார்கள். ஓட்டல் காலையுணவு தலைக்கு 8 முதல் 12 யூரோ. வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிடுங்கள். தெருமுனை பூலாஞ்ஜெரி என்னும் ரொட்டிக் கடையில் இரண்டு க்ருவாசான், இரண்டு காபி ஏழெட்டு யூரோவில் முடியும்.

சாப்பாட்டில் பொன்விதி: மதியம் உணவகம், இரவு அறை. மதியம் 'பிளா தியூ ழூர்' என்ற அன்றைய தட்டு 13 முதல் 17 யூரோ; இரவு அதே கடையில் அதே அளவு உணவு இன்னும் பத்து யூரோ கூடும். நேரம் கறார்: 12 முதல் 2 வரை. இரண்டே காலுக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும், திரும்ப ஏழு மணிக்குத்தான். தண்ணீருக்கு 'யூன் காராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வரும், பில்லில் ஐந்தாறு யூரோ ஏறும். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது, டிப்ஸ் கட்டாயமில்லை.

சைவர்கள் கவனிக்க வேண்டியது 'லார்தோன்' என்ற சொல். பன்றி இறைச்சித் துணுக்கு. சாலட், கீஷ், உருளைக்கிழங்கு க்ராத்தான் எதில் வேண்டுமானாலும் சொல்லாமல் கிடக்கும். கார்கசோன், துலூஸின் புகழ்பெற்ற காசுலே பார்க்க பீன்ஸ் குழம்பு மாதிரி இருந்தாலும் உள்ளே வாத்தும் சாசேஜும். பாதுகாப்பானவை: சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட், க்ரெப்பெரி கடையில் முட்டை-சீஸ்-காளான் வைத்த, தோசை மாதிரியான காலெத், எல்லா ஊரிலும் இருக்கும் லெபனான் கடை ஃபலாஃபெல். சமையலறை இருந்தால் லிடில் கடையில் அரிசி, டின் கொண்டைக்கடலை, தக்காளி, தயிர் வாங்கி இருவருக்கு ஐந்து யூரோவில் இரவை முடிக்கலாம். பொடி, இறைச்சி இல்லாத ஊறுகாய் கொண்டுபோங்கள். நெய், பால்கோவா, பால்பவுடர் சேர்ந்த இனிப்பு கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு இறைச்சியும் பால் பொருளும் பயணி எடுத்துப்போகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், அதையும் விட்டுவிடுங்கள்.

லியோன் விமான நிலையத்திலிருந்து ரோன்எக்ஸ்பிரஸ் டிராம் அரை மணி, ஆனால் தலைக்கு 16 யூரோவுக்கு மேல். டிசிஎல் நகரப் பேருந்தில் மேசியு வரை வந்து டி3 டிராம் பிடித்தால் தலைக்கு இரண்டு யூரோ அளவில் பார்-தியூ வந்துவிடலாம். நேரம் இரண்டு மடங்கு ஆகும், பேருந்து ஓடும் தடவையும் குறைவு. உங்கள் விமான நேரத்துக்குப் பேருந்து இருக்கிறதா என்று டிசிஎல் ஆப்பில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

லியோனில் காசு கொடுக்காமல் பார்ப்பதே மூன்று நாளுக்குக் காணும். ஃபூர்வியேர் குன்றுக்கு ஃபூனிகுலர் என்னும் குன்றேறும் கம்பி ரயிலில் ஏறி, பசிலிக்கா, ரோமானிய அரங்குகள் இரண்டையும் பார்த்து, நடந்தே இறங்குங்கள். கீழே பழைய ஊரில் 'த்ராபூல்' என்னும் மறைவுப் பாதைகள். சேன்-ழான் தெருவில் 54-ம் எண், சாதாரண வீட்டுக் கதவு. பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தித் தள்ளினால் திறக்கும். உள்ளே ஆள் அகல இருட்டு நடை. சுவரில் விளக்குப் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். நடை போய் முற்றத்தில் திறக்கும், மறுபடி நடை, மறுபடி முற்றம், நிமிர்ந்தால் மாடிமாடியாக கல் வளைவுகள். வெளியே வரும்போது இன்னொரு தெருவில், பெஃப் தெரு 27-ல் நிற்பீர்கள். ஊரின் நீளமான த்ராபூல் இதுதான். மேலே ஆட்கள் குடியிருக்கிறார்கள். பேச்சைக் குறைத்துக் காலையில் போவது முறை, மாலையில் பல கதவுகள் பூட்டியிருக்கும். க்ருவா-ரூஸ் மேட்டில் இருப்பவை பட்டு நெசவாளர் பகுதி. 1831, 1834 கிளர்ச்சிகள் நடந்த தெருக்கள். நெசவு தெரிந்த ஊரிலிருந்து போகிறவர்கள் வொராஸ் முற்றத்தின் ஆறு மாடிப் படிக்கட்டை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும்.

அவிஞோனில் போப்பாண்டவர் அரண்மனைக்குச் சீட்டு வாங்குங்கள், உடைந்த பழைய பாலத்துக்கு வேண்டாம். 1309 முதல் ஏழு போப்புகள் இருந்த ஊர். அரண்மனையின் பெரும்பகுதி 1335-லிருந்து இருபது ஆண்டுக்குள் எழுந்தது. கூடங்கள் பெரும்பாலும் வெற்றுக் கல், அதைக் கண்டு ஏமாற வேண்டாம். மான் அறை என்ற சிறு அறையில் வேட்டையும் மீன் பிடிப்பும் வரைந்த சுவரோவியங்களுக்காகவே அந்தப் பணம் தகும். சேன் பெனெசே பாலத்தில் 22 வளைவுகளில் நான்குதான் மிச்சம். அது அழகாகத் தெரிவது மேலே நின்றால் அல்ல, ரோஷே தே தோம் பூங்காவிலிருந்தோ ஆற்றின் நடுத் தீவான பார்த்தலாசிலிருந்தோ. தீவுக்குச் சீசனில் இலவசப் படகு உண்டு. அரண்மனையின் பக்கத்திலேயே பெத்தி பலே அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பும் இலவசம், இத்தாலியத் தொடக்க கால ஓவியங்கள் நிறைய. ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்த்ரால் காற்று வீசும் நாளில் வெயில் இருந்தாலும் குளிர் எலும்பில் இறங்கும், காற்றுக் காக்கும் மேலுடை கட்டாயம்.

ஆர்லிலும் நீமிலும் ஒரே சாயலில் ரோமானிய வட்டரங்கு இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குச் சீட்டு வாங்கினால் போதும். நீம் அரங்கு கட்டுக்குலையாமல் நிற்கிறது, அதற்குள் போங்கள். மேசோன் காரேயோடு சேர்ந்த சீட்டாக வாங்குவது லாபம். 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் அது, வெளிப்புறம்தான் அதன் அழகு. ஆர்லில் அந்தப் பணத்தைத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் செலவிடுங்கள்: ரோன் ஆற்றுச் சேற்றிலிருந்து 2011-ல் எடுத்த 31 மீட்டர் ரோமானியச் சரக்குப் படகு முழுதாக அங்கே கிடக்கிறது. அது ஊருக்குச் சற்று வெளியே, நடக்க 15, 20 நிமிடம். வான்கோவின் மஞ்சள் வீட்டைத் தேடி அலைய வேண்டாம். 1944 குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் இடிக்கப்பட்டது.

போன் தியூ கார் பாலத்துக்கு நீம் ரயில் நிலையத்தின் பின்புறமுள்ள பேருந்து நிலையத்திலிருந்து லியோ வட்டாரப் பேருந்து, சுமார் முக்கால் மணி, கட்டணம் மிகக் குறைவு. 49 மீட்டர் உயரம், மூன்றடுக்கு. சுமார் 50 கிலோமீட்டர் கால்வாயில் நீமுக்குத் தண்ணீர் கொண்டுபோனது. பேருந்து நாளுக்குச் சில முறைதான். இறங்கியவுடன் திரும்பும் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்தை விட்டால் டாக்சிச் செலவு அறை வாடகையைத் தொடும்.

கார்கசோனில் ஒரு இரவு தங்கச் சொல்வதற்குக் காரணம் மாலை. கோட்டை நகரத்துக்குள் நுழைய எந்த நேரமும் காசில்லை, சீட்டு உள்கோட்டைக்கும் மதில் நடைக்கும் மட்டும். பகல் கூட்டம் ஆறு மணிக்குமேல் கரைந்துவிடும். இரண்டு மதில்களுக்கு நடுவே லீஸ் எனப்படும் வெளியில் முழுச் சுற்று நடக்கலாம். 52 கோபுரங்களில் கூம்புக் கூரை பலவும் 1853-ல் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-தியூக் தொடங்கிய புதுப்பிப்பில் வந்தவை. அறையைக் கீழூரில், நிலையப் பக்கம் எடுங்கள். கோட்டைக்கு 25 முதல் 30 நிமிட நடை, கடைசிப் பகுதி ஏற்றம். நவம்பரிலிருந்து மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு உள்கோட்டை இலவசம்.

துலூஸில் 1096-ல் அர்ப்பணிக்கப்பட்ட சேன்-செர்னான் தேவாலயம், ழாக்கோபேன் கோயிலின் 22 கிளை விரிக்கும் 'பனைமரத்' தூண், நகராட்சி மாளிகையான காப்பித்தோலின் மண்டபங்கள் மூன்றும் இலவசம். மதியம் விக்தோர் யூகோ சந்தையின் மாடி உணவகங்கள்.

மொத்தம், இருவருக்கு: அறை 11 இரவுக்கு 750, ரயில் 240, சாப்பாடு 500, நுழைவு 130, நகரப் போக்குவரத்து 80. ஏறத்தாழ 1,700 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்றால் 1.7 லட்சம். விமானம், விசா, காப்பீடு தனி. கை இறுகினால் ஒரான்ழை வெட்டுங்கள். கார்கசோன் இரவை வெட்டாதீர்கள்.

ஷெங்கன் விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. கோடைக்கு நேரம் கிடைப்பது சிரமம், மூன்று மாதம் முன்பே பாருங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. இங்கே ஒன்று பலருக்குத் தெரிவதில்லை: ஓட்டல் பதிவு காட்டினால் நாளுக்குத் தலைக்கு 65 யூரோ கையிருப்பு போதும், காட்டாவிட்டால் 120. 12 நாளுக்கு இருவருக்கு 1,560 யூரோ என்பது 2,880 ஆகிவிடும். ஆகவே எல்லா இரவுக்கும், இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவாக, இருவர் பெயரும் தெரியும்படி எடுத்து அச்சிடுங்கள். கூட்டுக் கணக்கு இல்லையென்றால் இருவரின் வங்கி அறிக்கையும், திருமணச் சான்றிதழும், செலவை ஏற்கிறவரின் கடிதமும் வேண்டும். அதே அச்சுப் பிரதிகளைக் கைப்பையில் மேலாக வையுங்கள்: ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும், 2025 அக்டோபர் 12-ல் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில் முகப்படமும் எடுக்கிறார்கள், வரிசை நீளும். லியோன் விமானத்துக்கு இடையே குறைந்தது இரண்டரை மணி நேரம் இருக்கும் சீட்டாக எடுங்கள்.